பணம் வந்தது, பெட்டி வரவில்லை: தச்சரின் கூட்டு நிதித் திட்டம் ஏன் பின்தங்குகிறது?

பொருள் செய்வதற்கு முன்பே பலரிடம் பணம் வாங்க உதவும் கூட்டு நிதி திரட்டும் தளம் ஒன்றில் ஒரு தச்சர் தன் திட்டத்தைப் போடுகிறார். கையால் செய்யும் மரப்பெட்டி. காணொளியில் இழைப்புளி ஓட ஓட சீவல் சுருள் சுருளாக விழுகிறது, இரண்டு பலகைகள் இடைவெளியே தெரியாமல் ஒன்றோடொன்று பொருந்துகின்றன. 30 நாளில் அவர் நினைத்துக்கூடப் பார்க்காத தொகை சேர்ந்துவிடுகிறது. ஆறு மாதத்தில் பெட்டி கைக்கு வரும் என்பது வாக்கு. ஆறு மாதம் போகிறது, ஒரு வருடமும் போகிறது. மாதம் ஒரு முறை வந்துகொண்டிருந்த செய்தி மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஆகி, அப்புறம் நின்றேபோகிறது. அதற்குள் பணம் போட்டவர்கள் இரண்டு கட்சியாகிவிடுகிறார்கள். ஆள் ஏமாற்றிவிட்டார் என்கிறது ஒரு கட்சி. கைவேலை என்றால் நேரம் ஆகத்தான் செய்யும், பொறுங்கள் என்கிறது இன்னொன்று.

இரண்டு பேச்சும் நடந்ததை விளக்குவதில்லை. இப்படிப் பின்தங்கும் திட்டங்களை வரிசையாகப் பார்த்துவந்தால், தாமதத்தின் பெரும்பகுதி முதல் பலகையை அறுப்பதற்கு முன்பே உருவாகிவிட்டது தெரியும். எந்தப் பொருள், எத்தனை பேருக்கு, என்ன விலைக்கு, எந்த மாதத்துக்குள் என்று எழுதிப்போட்ட நாளிலேயே அது முடிவாகிவிடுகிறது. பிறகு நடப்பதெல்லாம் அந்தக் கணக்கு மெல்ல மெல்ல வெளியே தெரியவருவதுதான்.

தாமதம் என்பது இந்த உலகத்தில் அபூர்வமான விஷயம் இல்லை. இத்தகைய தளங்களில் ஒன்றான கிக்ஸ்டார்ட்டர் 2009இல் தொடங்கியது. அதில் பணம் திரட்டிய திட்டங்களை ஆராய்ந்த பேராசிரியர் ஈதன் மோலிக், தான் பார்த்த வடிவமைப்பு, தொழில்நுட்பத் திட்டங்களில் நான்கில் மூன்றுக்கும் மேல் சொன்ன தேதிக்குப் பிந்தியே பொருளைக் கொடுத்தன என்று 2014இல் எழுதினார். அடுத்த ஆண்டு பணம் போட்டவர்கள் சுமார் 47,000 பேரிடம் கேட்டு அவர் எடுத்த கணக்கில், வாக்குக் கொடுத்த பொருளைக் கொடுக்காமலே போன திட்டங்கள் 9 சதவீதம். இந்த இரண்டு எண்களையும் சேர்த்தே படிக்க வேண்டும். பிந்துகிறவர்கள் ஏராளம், அவர்களில் மிகப் பெரும்பாலோர் எப்படியோ கொடுத்து முடித்துவிடுகிறார்கள். ஆகவே தேதி தவறிய உடனே மோசடி என்று கூச்சலிடுவது பெரும்பாலும் தவறாகவே முடியும். மோலிக்கின் ஆய்வில் இன்னொன்றும் வந்தது: கேட்டதைவிட மிக அதிகமாகப் பணம் சேர்ந்த திட்டங்கள் இன்னும் அதிகமாகப் பிந்தின. தச்சரின் கதையில் முக்கியமான இடம் இதுதான்.

பெருக்கல் கணக்கு

ஒரு பெட்டிக்கு ஆறு மணி நேர வேலை என்று வைத்துக்கொள்வோம். 30 பெட்டி என்றால் 180 மணி நேரம். தனி ஆளாக வேலை செய்யும் தச்சர் ஒரு நாளில் உண்மையாகவே மரத்தின் மேல் கை வைக்கும் நேரம் ஆறு மணிக்கு மேல் போவது கடினம். மீதி நேரத்தை மரம் வாங்கப் போவது, உளி தீட்டுவது, இயந்திரத்தைச் சரிசெய்வது, கடிதங்களுக்குப் பதில் எழுதுவது, தூசி பெருக்குவது என்று சில்லறை வேலைகள் தின்றுவிடும். மாதம் 25 நாள் என்றால் 150 மணி நேரம். ஆக 30 பெட்டிக்கு ஒரு மாதமும் ஒரு வாரமும். ஆறு மாத வாக்கு இந்த அளவுக்கு மிகவும் பாதுகாப்பானது. வாக்குக் கொடுக்கும்போது தச்சர் மனதில் இருந்ததும் இந்தக் கணக்குதான்.

ஆனால் வந்தது 400 ஆர்டர். இப்போது 2,400 மணி நேரம், அதாவது 16 மாதம். பத்துக்கு ஒன்று கணு விட்டோ வெடித்தோ மூட்டு பிசகியோ கழிந்துபோகும் என்று சேர்த்தால் பதினேழரை மாதத்தைத் தாண்டும். உடம்பு சரியில்லாத ஒரு வாரம்கூட இதில் இல்லை.

ஆலையில் அச்சில் வார்க்கும் பொருளுக்கு இந்தக் கணக்கு வேறு மாதிரி. அச்சு செய்யத்தான் நாளாகும், அது தயாரான பிறகு நூறுக்கும் ஆயிரத்துக்கும் ஆகும் நேரத்தில் பெரிய வித்தியாசம் இருக்காது. கைவேலையில் நானூறாவது பெட்டியும் ஏறக்குறைய முதல் பெட்டி கேட்ட நேரத்தையே கேட்கும். ஒரே அளவில் வெட்ட உதவும் ஜிக் செய்துகொள்ளலாம், ஒரே வெட்டை நூறு பலகைக்கும் ஒரே மூச்சில் போடலாம், அதில் நேரம் மிச்சமாகும், உண்மைதான். ஆனால் ஒட்டுவது, இழைப்பது, உப்புத்தாள் போடுவது, பாலிஷ் ஏற்றுவது ஆகிய வேலைகளை ஒவ்வொரு பெட்டிக்கும் தனித்தனியாகத்தான் செய்ய வேண்டும். கையால் செய்தது என்று சொல்லித்தானே விற்றார்? அந்தச் சொல்லை விட்டுவிடாமல் வேகத்தைக் கூட்ட வழிகள் மிகக் குறைவு.

இதோடு சேர்ந்துகொள்வது விதவிதமான பரிசு அடுக்குகள். குறைந்த தொகைக்கு ஒரு கரண்டி, அதற்கு மேல் வெட்டுப்பலகை, அதற்கு மேல் பெட்டி, மூன்று வகை மரத்தில் எது வேண்டுமோ அது, மூடியில் பெயர் பொறித்துத் தருவது. பணம் திரட்டும் நாட்களில் உற்சாகம் ஏற ஏற இலக்கைத் தாண்டினால் இதையும் தருவேன், அதையும் தருவேன் என்று சேர்த்துக்கொண்டே போவார்கள். ஒவ்வொரு வகையும் ஒரு தனி வேலைத்திட்டம். இயந்திரத்தின் அளவை ஒவ்வொரு முறை மாற்றும்போதும் நேரம் போகும். பெயர் பொறிக்க வேண்டிய பெட்டி கடைசி நேரத்தில் கீறல் பட்டால், வேறொன்றை எடுத்து அந்த இடத்தில் வைக்க முடியாது, முதலிலிருந்து செய்ய வேண்டும். எனக்குத் தெரிந்து இந்தத் துறையில் ஆளைக் கவிழ்ப்பதில் பெயர் பொறிப்புக்கு இணையானது இல்லை.

மரம் தன் நேரத்தை எடுத்துக்கொள்ளும்

பணம் கையில் இருந்தால் மரம் கிடைத்துவிடும், ஆனால் காய்ந்த மரம் கிடைக்க வேண்டும். புதிதாக அறுத்த பலகையைக் காற்றில் உலரவிட்டால், ஓர் அங்குல கனத்துக்கு ஒரு வருடம் என்பது தச்சர்களிடையே புழங்கும் தோராயக் கணக்கு. மரத்தையும் ஊரின் காற்றையும் பொறுத்து இது கூடும், குறையும். வீட்டுக்குள் வைக்கும் நேர்த்தியான பொருளுக்குப் பல நாடுகளில் ஈரப்பதம் 6 முதல் 8 சதவீதம் இருக்கும்படி சூளையில் உலர்த்திய மரத்தை எடுப்பார்கள். அப்படி உலர்த்தி வந்த பலகையையும் பட்டறையில் சில நாள் அடுக்கிவைத்து, அங்கிருக்கும் காற்றுக்குப் பழகவிட்டுத்தான் அறுக்க வேண்டும்.

அவசரப்பட்டால் என்ன ஆகும்? மரம் நார் ஓடும் திசையில் ஏறக்குறைய சுருங்குவதே இல்லை. குறுக்கே சுருங்கும். அதிலும் வளர்ச்சி வளையங்களை ஒட்டிய திசையில் ஏற்படும் சுருக்கம், நடுவிலிருந்து பட்டையை நோக்கிய திசையில் ஏற்படுவதைப் போல் சுமார் இரண்டு மடங்கு. இந்த வித்தியாசத்தால்தான் பலகை குழிகிறது, முறுக்கிக்கொள்கிறது. ஈரமான இடத்தில் செய்த பெட்டி வறண்ட இடத்துக்குப் போனதும் மூடி இறுகலாம், மூட்டு பிரியலாம், அடிப்பலகை நடுவில் வெடிக்கலாம். 400 பெட்டி 20 நாடுகளுக்குப் போகிறது என்றால், எல்லாத் தட்பவெப்பத்தையும் தாங்கும்படி வடிவமைத்திருக்க வேண்டும். ஒரு நகரத்தில் நாலு பேருக்குச் செய்து கொடுத்துப் பழகியவருக்கு இது முதல் 50 பெட்டிகளில் சில உடைந்து திரும்பி வரும்போதுதான் தெரியவரும். அவர் வேலையை நிறுத்திவிட்டு வடிவத்தை மாற்றினால் அது சரியான முடிவு, ஆனால் தேதி இன்னும் தள்ளிப்போகும்.

பாலிஷும் இப்படித்தான். ஆளி விதை எண்ணெய் போன்றவை தண்ணீர் போல ஆவியாகிக் காய்வதில்லை, காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து இறுகுகின்றன. ஒவ்வொரு பூச்சுக்கும் நாள் கணக்கில் காத்திருக்க வேண்டும். 400 பெட்டியைப் பரப்பிக் காயவைக்க இடமும் வேண்டும். பட்டறையில் ஒரு நேரத்தில் 25 பெட்டிக்குத்தான் இடம் என்றால், தச்சர் எவ்வளவு வேகமாக வேலை செய்தாலும் அவரை நிறுத்திவைப்பது அந்த அலமாரிதான்.

பணம் எங்கே போனது?

வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குச் சந்தேகம் எழும் இடம் இது. இவ்வளவு பணம் வந்ததே, ஆள் வைத்து முடிக்க வேண்டியதுதானே?

வந்த பணத்தில் கிக்ஸ்டார்ட்டர் 5 சதவீதம் எடுத்துக்கொள்கிறது. அட்டை வழியாகப் பணம் வருவதற்கான கட்டணம் இன்னும் 3 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல். பிறகு மரம், இயந்திரம், பட்டறை வாடகை, அட்டைப்பெட்டி, தபால். பல நாடுகளில் இந்தத் தொகை வருமானமாகக் கருதப்படுவதால் வரியும் உண்டு. பணம் ஓர் ஆண்டிலும் செலவு அடுத்த ஆண்டிலும் விழுந்தால், சம்பாதிக்காத லாபத்துக்குச் சேர்த்து வரி கட்ட நேரலாம். மிஞ்சுவது தச்சரின் கூலி. அந்தக் கூலி ஆறு மாதக் குடும்பச் செலவுக்குத் திட்டமிட்டது. வேலையோ பதினேழு மாதம் நீள்கிறது. பெட்டிக்கு விலை வைக்கும்போது தன் மணி நேரத்துக்குச் சரியான கூலி போடாமல், சந்தையில் போகுமா என்று பயந்து குறைத்து வைத்தவருக்கு இது இன்னும் மோசம். ஒவ்வொரு பெட்டியிலும் சிறிய நட்டம் என்றால் 400 பெட்டி நட்டத்தை 400 மடங்காக்கும்.

ஏழாவது மாதத்தில் கை காலியாகிறது. இனி செய்யப்போகும் ஒவ்வொரு பெட்டிக்கும் பணம் ஏற்கெனவே வாங்கியாகிவிட்டது, அதிலிருந்து புதிதாக ஒரு காசும் வராது. அந்த நேரத்தில் ஒருவர் வந்து சாப்பாட்டு மேசை செய்து தரச் சொல்லி முன்பணம் நீட்டுகிறார். வாடகை கட்ட வேண்டும், தச்சர் ஒப்புக்கொள்கிறார். மேசை முடிய மூன்று வாரம். பெட்டி மூன்று வாரம் பிந்துகிறது. அடுத்த மாதம் இன்னொரு மேசை. புதுப் பணம் தரும் வேலை முன்னே வர, பழைய பணத்துக்கான வேலை பின்னே போய்க்கொண்டே இருக்கிறது. யாரையும் ஏமாற்ற வேண்டும் என்று அவர் நினைக்கவில்லை. ஒவ்வொரு வாரமும் எடுத்த முடிவு அந்த வாரத்துக்கு நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் ஒரு வருடம் கழித்துப் பார்த்தால், முதலில் நம்பிப் பணம் கொடுத்தவர்கள் வரிசையின் கடைசியில் நிற்கிறார்கள்.

பெரிய அளவில் இது வெளிப்படையாக நடந்ததற்கு ஓர் உதாரணம் உண்டு. கூலஸ்ட் கூலர் என்ற குளிர்பெட்டித் திட்டம் 2014இல் கிக்ஸ்டார்ட்டரில் 62,000க்கும் மேற்பட்டவர்களிடம் 1.3 கோடி டாலருக்கு மேல் திரட்டியது. ஒரு பெட்டி செய்ய ஆகும் செலவு வாங்கிய தொகையைவிட அதிகமாகப் போனது. பணம் போட்டவர்களில் பெரும்பாலோர் காத்திருந்தபோதே அந்த நிறுவனம் அமேசானில் அதே பெட்டியைக் கூடுதல் விலைக்கு விற்றது. அந்த வருமானத்தைக் கொண்டு மற்றவர்களுக்குச் செய்து தருவோம் என்று விளக்கமும் சொன்னது. 2019 டிசம்பரில் நிறுவனம் மூடப்பட்டபோது சுமார் 20,000 பேருக்குப் பெட்டி வந்திருக்கவில்லை. தாமதத்தைப் பொறுத்துக்கொண்ட பலரும் அந்த அமேசான் விற்பனையைப் பொறுத்துக்கொள்ளவில்லை. அவர்கள் பக்கம் நியாயம் இருந்தது என்றே நினைக்கிறேன். கண்காட்சியில் கடை போட்டுப் புதிய பெட்டி விற்கும் தச்சருக்கும் இது பொருந்தும்.

சரி, இதற்குக் கணக்கு வழியில் ஒரு தடுப்பு இருக்கிறது. கணக்கர்கள் முன்பணத்தை வருமானமாக எழுதுவதில்லை. பொருளைக் கொடுக்கும்வரை அது கடன் பக்கத்தில் நிற்கும். தச்சரும் அதையே செய்யலாம்: வந்த தொகையைத் தனிக் கணக்கில் போட்டு, ஒரு பெட்டி தபாலில் போன பிறகு அந்தப் பெட்டிக்கான கூலியை மட்டும் எடுப்பது. மரத்துக்கும் தபாலுக்கும் ஒதுக்கியதைத் தொடக்கூடாது. எளிய ஏற்பாடு. ஆனால் சிலர் முதல் மாதத்திலேயே பெரிய இயந்திரம் ஒன்றை வாங்கிவிடுகிறார்கள்.

தபால் செலவைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பணம் போட்டவர்களிடம் அதை வாங்குவது திட்டம் போட்ட நாளில், தபாலுக்குக் கட்டுவது அனுப்பும் நாளில். இடையில் கட்டணம் ஏறினால் ஏற்றம் முழுவதும் தச்சர் தலையில். மரப்பொருளுக்குத் தனிச் சட்டங்களும் உண்டு. ஈட்டி மரம் உள்ளிட்ட டால்பெர்ஜியா பேரினத்தின் ஏறக்குறைய எல்லா மரங்களும் 2017 ஜனவரியிலிருந்து, அழியும் அபாயமுள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருக்கின்றன, சில விலக்குகள் போக, நாடு தாண்டி வணிகத்துக்கு அனுப்ப அனுமதிச் சீட்டு வேண்டும். அமெரிக்கா 800 டாலர் வரையிலான பொட்டலங்களுக்குத் தந்துவந்த சுங்க விலக்கை 2025 ஆகஸ்ட் 29 முதல் எல்லா நாடுகளுக்கும் நிறுத்திவிட்டது. அதற்கு முன் விலை வைத்து, அதற்குப் பின் அங்கே அனுப்புகிறவருக்கு இது கணக்கில் இல்லாத செலவு.

மௌனம் தொடங்கும் இடம்

தாமதத்தால் நம்பிக்கை உடைவதைவிட மௌனத்தால் உடைவதே அதிகம். மௌனம் எப்படி வருகிறது என்பதும் பார்க்க வேண்டியது. முதல் தேதி தவறியதும் தச்சர் மன்னிப்புக் கேட்டு இரண்டாவது தேதி சொல்கிறார். அதுவும் பழைய நம்பிக்கைக் கணக்கில் சொன்னது, தவறுகிறது. மூன்றாவது முறை எழுத உட்காரும்போது சொல்வதற்கு நல்ல செய்தி இல்லை. நாலு பெட்டி முடித்துவிட்டு எழுதலாம் என்று தள்ளிப்போடுகிறார். அந்த நாலு பெட்டி முடிய ஒரு மாதம் ஆகிறது. இப்போது மன்னிப்புக்கு மேல் ஒரு மாத மௌனத்துக்கும் விளக்கம் சொல்ல வேண்டும், அதனால் எழுதுவது இன்னும் கனக்கிறது. வெட்கம்தான் அவரைத் தடுக்கிறது. காத்திருப்பவருக்கோ அது ஆள் ஓடிப்போனதாகத் தெரிகிறது.

சட்டமும் தளத்தின் விதிகளும் இந்த இடத்தைக் கவனமாகப் பார்க்கின்றன. கிக்ஸ்டார்ட்டர் விதிப்படி ஒப்பந்தம் திட்டம் போட்டவருக்கும் பணம் கொடுத்தவருக்கும் இடையில்தான், தளம் அதில் ஒரு தரப்பு இல்லை, பணத்தைத் திருப்பித் தருவதும் இல்லை. திட்டம் போட்டவர் பொருளைக் கொடுத்தே ஆக வேண்டும். முடியாமல் போனால் என்ன வேலை நடந்தது, பணம் எப்படிச் செலவானது, எது தடுக்கிறது என்று வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். மிச்சப் பணத்தைத் திருப்பித் தர முன்வர வேண்டும், அல்லது அதைக் கொண்டு திட்டத்தை எப்படி முடிப்பார் என்று விளக்க வேண்டும். தோற்பதற்கு விதியில் இடம் இருக்கிறது, மறைவதற்கு இல்லை.

நீதிமன்றம்வரை போனதும் உண்டு. 2012இல் 810 பேரிடம் 25,146 டாலர் திரட்டிய ஒரு சீட்டுக்கட்டுத் திட்டம் பொருளை அனுப்பாமல் பேச்சையும் நிறுத்தியது. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத் தலைமை வழக்கறிஞர் 2014இல் வழக்குப் போட்டார். மறு ஆண்டு தீர்ப்பில் இழப்பீடு, அபராதம், வழக்குச் செலவு எல்லாம் சேர்த்து 54,851 டாலர் கட்ட உத்தரவானது. திரட்டியதைப் போல் இரு மடங்குக்கும் மேல். அதே 2015இல் அமெரிக்க வணிக ஆணையமான எஃப்டிசி, ஒரு பலகை விளையாட்டுத் திட்டத்தின் மேல் நடவடிக்கை எடுத்தது. அங்கே குற்றச்சாட்டு வேறு: திரட்டிய பணத்தில் பெரும்பகுதியைத் திட்டத்துக்குச் சம்பந்தமில்லாத சொந்தச் செலவுக்குப் பயன்படுத்தியது. பிந்துவதும் இதுவும் ஒன்று இல்லை. பணம் போட்டவர்கள் கோபத்தில் இரண்டையும் ஒன்றாகப் பார்க்கும்போது, நேர்மையாகத் தடுமாறுகிறவர் இன்னும் ஒளிந்துகொள்கிறார்.

மீள்வது எப்படி?

ஏற்கெனவே பின்தங்கிவிட்ட தச்சர் முதலில் செய்ய வேண்டியது எண்ணுவது. எத்தனை பெட்டி போயிற்று, எத்தனை பாக்கி, கையில் எவ்வளவு மரம், எவ்வளவு பணம். கடந்த மூன்று மாதத்தில் மாதம் சராசரியாக எத்தனை அனுப்பினார் என்று பார்த்து, பாக்கியை அதால் வகுத்தால் வருவதுதான் உண்மையான தேதி. 180 பாக்கி, மாதம் 12 என்றால் 15 மாதம். கேட்கக் கசக்கும். அதையே எழுதி எல்லோருக்கும் அனுப்ப வேண்டும், யாருக்கு எந்த வரிசை எண் என்றும் சொல்லிவிட வேண்டும். வரிசை வெளியே தெரிந்தால், இடையில் எடுத்த மேசை வேலையையும் மறைக்க வேண்டியதில்லை: மாதத்தில் இத்தனை நாள் கூலி வேலை, மீதி நாள் உங்கள் பெட்டி என்று சொல்லிவிடலாம். நியாயமான மனிதர்கள் இதை ஏற்றுக்கொள்வார்கள்.

அடுத்து, காத்திருக்க விரும்பாதவர்களுக்கு ஒரு வழி விட வேண்டும். பணத்தைத் திருப்பிக் கேட்பவர்களுக்கு மாதம் இத்தனை பேர் என்று தவணையில் கொடுக்கலாம். பெயர் பொறிக்காத பெட்டி போதும் என்பவர்களுக்கு முன்னுரிமை தரலாம். பெட்டிக்குப் பதில் விரைவில் செய்யக்கூடிய சிறிய பொருளும் மீதித் தொகையும் தருவதாகக் கேட்டுப் பார்க்கலாம், கட்டாயப்படுத்தாமல். இந்த மூன்று வழியிலும் பாக்கி எண்ணிக்கை குறையும், வகுத்தல் கணக்கு கொஞ்சம் இலகுவாகும். கூலிக்கு ஓர் ஆளை வைத்து உப்புத்தாள் வேலையையும் பொட்டலம் கட்டுவதையும் அவரிடம் விடுவதும் பலன் தரும். அதைப் பணம் போட்டவர்களிடம் சொல்லிவிட்டுச் செய்வதே சரி.

பணம் போட்டவர் பக்கம் செய்யக்கூடியது குறைவு, ஆனால் நேரம் முக்கியம். எப்போது வரும் என்று கேட்பதைவிட, இதுவரை எத்தனை அனுப்பினீர்கள், போன மாதம் எத்தனை என்று கேட்பதே பயன் தரும். அந்த இரண்டு எண்களும் இருந்தால் தேதியை நாமே போட்டுக்கொள்ளலாம். பதில் வராவிட்டால், அட்டை கொடுத்த வங்கியிடம் பணத்தைத் திரும்பக் கோரும் வழி இருக்கிறது. அதற்குக் கெடு உண்டு: அட்டை நிறுவனங்கள் பொதுவாகப் பொருள் வருவதாகச் சொன்ன தேதியிலிருந்து சுமார் 120 நாள் தருகின்றன, பணம் கட்டிய நாளிலிருந்து மொத்தத்துக்கும் ஓர் உச்சவரம்பு இருக்கிறது, வங்கிக்கு வங்கி இது மாறும். இன்னும் கொஞ்சம் பொறுப்போம் என்று இருப்பவர்கள் அந்தக் கெடு எந்த நாளில் முடிகிறது என்பதை முதலிலேயே வங்கியிடம் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும்.